பர்கர் தோற்ற இடத்தில் மீல்மேக்கர்

அமெரிக்காவின் பியாண்ட் மீட் நிறுவனம் 2019 மே மாதம் பங்குச் சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கின் விலை 25 டாலர். முதல் நாள் மாலையே அது 65 டாலரைத் தாண்டியது. ஜூலையில் 230 டாலருக்கும் மேலே போனது. பட்டாணிப் புரதத்தில் செய்து, பீட்ரூட் சாற்றால் சிவப்பேற்றிய ஒரு பர்கர், மாட்டிறைச்சியின் இடத்தைப் பிடித்துவிடும் என்று முதலீட்டாளர்கள் கணக்குப் போட்டார்கள். 2025 அக்டோபரில் அதே பங்கு ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. இதை வைத்து, ‘கறிக்கு மாற்றாக எதைக் கொடுத்தாலும் மக்கள் ஏற்க மாட்டார்கள்’ என்று தீர்ப்புச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆனால், தமிழ்நாட்டின் எந்த ஊர் மளிகைக் கடையிலும் 10 ரூபாய் பாக்கெட்டாகச் சரத்தில் தொங்கும் மீல்மேக்கரும் மாற்று இறைச்சிதான். கல்யாணப் பந்தியின் வெஜ் பிரியாணியிலும், பரோட்டாக் கடைக் குருமாவிலும், தள்ளுவண்டியின் ‘சோயா 65’-லும் அது எப்போதோ இடம்பிடித்துவிட்டது. ஒரு மாற்று ஏற்கப்படுமா இல்லையா என்பதை மக்களின் மனசாட்சியோ பிடிவாதமோ முடிவு செய்வதில்லை. விலை என்ன, நம் அடுப்புக்குப் பொருந்துகிறதா, எங்கே பரிமாறப்படுகிறது என்ற மூன்றுமே முடிவு செய்கின்றன. இந்த மூன்றையும் விட்டுவிட்டு நடக்கும் பிரச்சாரங்கள் எல்லாம் வீண்.

மாற்று எதற்குத் தேவை என்பதற்கான ஆதாரம் வலுவானது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜோசப் பூரும் சுவிட்சர்லாந்தின் தாமஸ் நெமெசெக்கும் 119 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவுகளைத் தொகுத்து, 2018-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலகின் வேளாண் நிலத்தில் 83 சதவீதத்தை இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் ஆகியவை எடுத்துக்கொள்கின்றன. அவை திருப்பித் தருவது மனிதருக்குக் கிடைக்கும் புரதத்தில் 37 சதவீதமும் கலோரியில் 18 சதவீதமும்தான் என்பது அதன் முக்கியமான முடிவு. 100 கிராம் புரதம் கிடைக்க எவ்வளவு பசுங்குடில் வாயு வெளியேறுகிறது என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். இறைச்சிக்கென்றே வளர்க்கப்படும் மாட்டுக்குச் சராசரியாக 50 கிலோ, ஆட்டுக்கு 20 கிலோ, கோழிக்கு 6 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சோயாவில் செய்யும் டோஃபுவுக்கு 2 கிலோ. பருப்பு வகைகளுக்கு 1 கிலோகூட இல்லை. மாட்டிறைச்சிக்கும் பருப்புக்கும் இடையே 50 மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருக்கும்போது, உலகத் தட்டில் ஒரு பகுதியாவது மாற வேண்டும் என்பதை மறுப்பது கடினம். எப்படி மாறும் என்பதுதான் கேள்வி.

மேற்கின் புதிய நிறுவனங்கள் அதற்குத் தேர்ந்தெடுத்த வழி, கறியை அச்சு அசலாக நகலெடுப்பது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியராக இருந்த பேட்ரிக் பிரவுன் 2011-ல் தொடங்கிய இம்பாசிபிள் ஃபுட்ஸ், சோயாச் செடியின் வேரில் உள்ள ஹீம் புரதத்தை ஈஸ்ட்டில் வளர்த்தெடுத்து, ரத்தத்தின் நிறத்தையும் வாசனையையும் பர்கருக்குள் கொண்டுவந்தது. அறிவியலாக இது பெரிய சாதனை. வியாபாரமாக, இதில் ஒரு பொறி இருந்தது. ‘அசல் கறி மாதிரியே இருக்கும்’ என்று சொல்லி விற்கும் பொருளை வாங்குபவர் ஒவ்வொரு வாய்க்கும் அசலோடு ஒப்பிடுகிறார். முக்கால்வாசி ஒத்துப்போனாலும், ஒத்துப்போகாத கால்வாசிதான் நாக்கில் நிற்கிறது. அதற்கு அசலைவிடக் கூடுதல் விலையும் கொடுக்க வேண்டும் என்றால், ஆர்வத்துக்காக ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வாங்க மாட்டார். அமெரிக்காவில் நடந்தது இதுதான்: முயன்று பார்த்தவர்கள் பலர், திரும்பி வந்தவர்கள் சிலர். மெக்டொனால்ட்ஸ் 2022-ல் அங்கே சுமார் 600 கடைகளில் ‘மெக்பிளான்ட்’ பர்கரை விற்றுப் பார்த்துவிட்டு, நாடு முழுக்கக் கொண்டுபோகாமல் கைவிட்டது.

ஆய்வகத்தில் செல்களை வளர்த்துச் செய்யும் இறைச்சியின் பாதை இன்னும் கரடுமுரடானது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் போஸ்ட் 2013-ல் லண்டனில் சமைத்துக் காட்டிய முதல் ஆய்வக பர்கருக்கு ஆன செலவு இரண்டரை லட்சம் யூரோ. 2020 டிசம்பரில் சிங்கப்பூர் உலகிலேயே முதல் நாடாக இதன் விற்பனைக்கு அனுமதி அளித்தது. சுமார் மூன்றரை ஆண்டு கழித்து, 2024-ல் அங்கே ஒரு கறிக்கடையில் விற்பனைக்கு வந்த ஆய்வகக் கோழி பாக்கெட்டில் இருந்த உண்மையான கோழிச் செல்லின் அளவு 3 சதவீதம். மீதி தாவரப் புரதம். விலையை எட்டக்கூடிய இடத்தில் வைக்க அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய வேண்டியிருந்தது. இதற்குள் இத்தாலி 2023 நவம்பரிலும், அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் 2024 மே மாதத்திலும் ஆய்வக இறைச்சியைத் தடைசெய்தன. விலை இறங்கும் முன்பே எதிர்ப்பு அரசியல் ஏறிவிட்டது. தங்கள் பாரம்பரியத்தை வெளியாள் ஒருவர் பறிக்க வருகிறார் என்று உழவர்களும் உண்பவர்களும் உணர்ந்தால், எவ்வளவு நல்ல தொழில்நுட்பமும் ஊருக்குள் நுழைய முடியாது.

மீல்மேக்கர் எப்படி நுழைந்தது? சோயாவில் எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கொழுப்பு நீக்கிய மாவை, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, ஒரு திருகு இயந்திரத்துக்குள் சூட்டிலும் அழுத்தத்திலும் தள்ளுகிறார்கள். துளை வழியாக வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று விலக, உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி, மாவு பொரிந்து, நார் நாராகவும் துளைத் துளையாகவும் உருண்டை கட்டுகிறது. 1960-களில் அமெரிக்காவில் உருவான இந்தத் தொழில்நுட்பத்தில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. காய்ந்த உருண்டை மாதக்கணக்கில் கெடாது, ஃப்ரிட்ஜ் வேண்டாம். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பச்சைத் தண்ணீரில் அலசி, ஒட்டப் பிழிந்தால் சோயாவின் பச்சை வாடை போய்விடும். பிழிந்த துளைகளில் அப்புறம் எதைச் சேர்க்கிறோமோ அதைத்தான் அது குடிக்கும்: சோம்பும் கசகசாவும் தேங்காயும் அரைத்த குருமா, மிளகும் கறிவேப்பிலையும் தூக்கலான சுக்கா, இஞ்சி பூண்டு விழுதில் ஊறவைத்துப் பொரிக்கும் வறுவல். நம் கறிச் சமையலில் ருசியின் பெரும்பகுதி மசாலாவில் இருக்கிறது. அந்த மசாலாவைத் தாங்கிக்கொள்ள, பல்லுக்குக் கொஞ்சம் கடிபட ஏதாவது ஒன்று போதும். பச்சைக் கறியை உப்பும் மிளகும் மட்டும் தூவிச் சுட்டுத் தின்னும் சமையலில் மாற்றுப் பொருள் படும் பாடு, குழம்பு வைக்கும் சமையலில் இல்லை.

இதே கதையை இலங்கையிலும் பார்க்கலாம். அங்கே ‘சோயா மீற்’ பாக்கெட் இல்லாத பலசரக்குக் கடை இல்லை. சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அதைத் தேங்காய்ப் பால் விட்டுக் குழம்பு வைக்கிறார்கள். இந்தோனேசியாவின் ஜாவாவில் ஏழையும் பணக்காரரும் உண்ணும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும் டெம்பே, தன்னை இறைச்சி என்று ஒருபோதும் சொல்லிக்கொண்டதில்லை. இந்த மூன்று பண்டங்களுக்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு: கறியோடு போட்டிக்கு நிற்காமல், கறி வாங்காத நாளின் குழம்பில் வந்து உட்கார்ந்தன. ஆட்டுக்கறி கிலோ 800 ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில், மாதக் கடைசியில் பிள்ளைகளுக்குக் கடிபடும் ஒரு குழம்பு வைக்க நினைக்கும் வீட்டில், மீல்மேக்கரை அசல் கறியோடு ஒப்பிட ஆள் இல்லை. ஒப்பிடுவது வெறும் உருளைக்கிழங்குக் குருமாவோடுதான்; அந்த ஒப்பீட்டில் அது எளிதாக ஜெயிக்கிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மீல்மேக்கர் ஏற்கப்பட்டது சரி; அதனால் கறி குறைந்ததா? இல்லை. தமிழ்நாட்டில் மீல்மேக்கரும் பரவியது, பிராய்லர் கோழியும் பரவியது. ஒரு பண்டம் ஏற்கப்படுவதும், இன்னொன்றின் இடத்தை அது எடுத்துக்கொள்வதும் வெவ்வேறு சங்கதிகள். வீட்டுச் சமையலில் மாற்று தானாக நுழைந்துவிடும். கறியின் அளவு குறைய வேண்டுமானால் எந்த நாளில், எந்தப் பந்தியில் எது முதலில் வைக்கப்படுகிறது என்பது மாற வேண்டும். இதற்கும் நம்மிடமே ஒரு சான்று இருக்கிறது. இந்தியப் பதிவாளர் அலுவலகம் 2014-ல் எடுத்த கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அசைவம் உண்பவர்கள். ஆனால், புரட்டாசி பிறந்ததும் இதே மாநிலத்தில் கறிக்கடைகள் காற்று வாங்குகின்றன. பிராய்லர் விலையும் நாமக்கல் முட்டை விலையும் இறங்குவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள், தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள், வெள்ளி செவ்வாயில் கவிச்சி தொடாத வீடுகள் எனப் பட்டியல் நீளும். யாரும் இவர்களைச் சைவத்துக்கு மாறிவிட்டதாகச் சொல்வதில்லை. அவர்களும் அப்படி நினைப்பதில்லை. ‘நீ யார்?’ என்று கேட்டால் உணவு அடையாளமாகிவிடும், எதிர்ப்பு வரும். ‘எந்த நாளில்?’ என்று கேட்டால் அது வெறும் பழக்கம். பழக்கத்தை மாற்றிக்கொள்வதில் நாம் தேர்ந்தவர்கள்.

பந்தியின் அமைப்பு பழக்கத்தை எப்படி மாற்றுகிறது என்பதற்கு அயல்நாட்டுச் சான்றுகளும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கல்லூரி உணவகங்களில் விற்ற 94,000-க்கும் அதிகமான சாப்பாடுகளை எம்மா கார்னெட்டும் சகாக்களும் ஆராய்ந்து, முடிவுகளை 2019-ல் வெளியிட்டார்கள். நான்கு வகைகளில் ஒன்று மட்டும் சைவமாக இருந்ததை இரண்டாக்கியபோது, சைவச் சாப்பாட்டு விற்பனை 41 முதல் 79 சதவீதம் வரை கூடியது. யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. கறியை யாரும் தடுக்கவுமில்லை. ஜெர்மனியில் லிடில் அங்காடிகள் 2023 அக்டோபரில் தங்கள் தாவர இறைச்சிப் பொருட்களின் விலையை அசல் இறைச்சியின் விலைக்கு இறக்கின. சில மாதங்களில் விற்பனை 30 சதவீதத்துக்கு மேல் உயர்ந்ததாக நிறுவனம் அறிவித்தது. பன்றி இறைச்சி ஏற்றுமதிக்குப் பேர்போன டென்மார்க், அதே 2023-ல், தாவர உணவுக்கென்று நாடு தழுவிய செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அந்தத் திட்டத்தில் சமையல்காரர்களுக்குப் பயிற்சி அளிப்பது முக்கியமான அம்சம். ருசியாகச் சமைக்கத் தெரியாதவர் கையில் கிடைக்கும் மாற்று உணவு, அந்த உணவின் பெயரைக் கெடுத்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விடுதி மெஸ்ஸில் உப்பில்லாத குழம்பில் மிதக்கும் மீல்மேக்கரைத் தின்று வளர்ந்த தலைமுறைக்கும் இது தெரியும்.

எதிர்வாதங்களுக்கு வருவோம். ‘அமெரிக்கர் ஆண்டுக்கு 100 கிலோவுக்கு மேல் கறி தின்கிறார், நமக்கு எதற்கு இந்தப் பேச்சு?’ என்பது முதலாவது. இது பெருமளவு சரி. இந்தியாவின் 2023-24 இறைச்சி உற்பத்தி சுமார் ஒரு கோடியே இரண்டரை லட்சம் டன். ஏற்றுமதியையும் சேர்த்துத் தலைக்கு வகுத்தாலும் ஆண்டுக்கு 7 கிலோதான் வரும். நம் கால்நடைகள் வெளியிடும் மீத்தேனில் பெரும்பங்கு பாலுக்காக வளர்க்கும் மாடுகளிடமிருந்தும் எருமைகளிடமிருந்தும் வருகிறது. அந்தக் கணக்கில் காபி டம்ளருக்கும் பங்கு உண்டு. ஆகவே, பருவநிலையைக் காட்டி, வாரத்துக்கு ஒருநாள் கறி வாங்கும் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம். ஆனால், இந்திய இறைச்சி உற்பத்தியில் ஏறக்குறைய பாதி இப்போது கோழி. அதன் தீவனம் மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும். ஒரு கிலோ உயிர் எடைக்குச் சுமார் 1.6 கிலோ தீவனம் வேண்டும். எண்ணெய் எடுத்த அதே சோயாதான் ஒருவழியில் கோழிக்கும் இன்னொரு வழியில் நம் குழம்புக்கும் வருகிறது. வருமானம் உயர உயரக் கோழியின் தேவை கூடும். நிலம், தண்ணீர், தீவன விலை, பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக் பயன்பாடு என்று ஒவ்வொன்றாகச் சுமை ஏறும். கடைசி அஸ்திரமாக மருத்துவர்கள் கைவசம் வைத்திருக்கும் கொலிஸ்டின் மருந்தைக் கோழி வளர்ப்பில் பயன்படுத்த இந்திய அரசு 2019-ல் தடைவிதிக்க வேண்டி வந்ததே இதற்கு அடையாளம். இருப்பதைப் பிடுங்கச் சொல்லவில்லை. கூடப்போவதில் ஒரு பகுதியை மாற்றி அமைக்கலாம் என்பதே வாதம்.

இரண்டாவது எதிர்வாதம் இந்திய மண்ணுக்கே உரியது, ஆழமானது. மாற்று இறைச்சி என்ற பெயரில் சைவத் தூய்மைவாதம் பின்வாசலால் நுழைகிறது என்ற சந்தேகம் அது. சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. கறி உண்பதை வைத்து வாடகைக்கு வீடு மறுக்கப்படும் நாடு இது. மாட்டிறைச்சியின் பேரால் கொலை நடந்த நாடு. கர்நாடகத்தில் 2021 இறுதியில் பள்ளிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுப்பதைச் சில மடங்கள் எதிர்த்து நின்றதையும் பார்த்தோம். இந்தச் சூழலில், சூழலியல் பேசுபவர்கள் சாதிப் பெருமை பேசுபவர்களோடு ஒரே மேடையில் தென்பட்டால், உழைக்கும் மக்கள் மாற்று உணவையும் சேர்த்தே நிராகரிப்பார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. இதற்குப் பதில் வார்த்தையில் இல்லை, செயலில்தான் இருக்க வேண்டும். குழந்தைகளின் முட்டையில் யாரும் கைவைக்கக் கூடாது. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அவர்களிடம் ஈரலையும் கறியையும் குறைக்கச் சொல்வது சூழலியல் ஆகாது. மாற்று இறைச்சி கூடுதல் தேர்வாக வரலாம், கட்டளையாக வரக் கூடாது. கறி உண்பவரே தன் விருப்பத்துக்கு எடுத்துச் சாப்பிடும் பண்டமாக அது இருக்கும்வரைதான் அதற்கு எதிர்காலம்.

உடல்நலம் பற்றிய அச்சம் மூன்றாவது. சோயா உண்டால் ஆண்களுக்கு ஹார்மோன் கோளாறு வரும் என்பது பரவலாக நம்பப்படுகிறது. 41 மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து 2021-ல் வெளியான அலசலில், சோயா ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரோஜன் அளவுகளை மாற்றியதாகத் தெரியவில்லை. அதிகம் பதப்படுத்தப்பட்ட உணவு என்ற குற்றச்சாட்டில் கூடுதல் நியாயம் உண்டு: தாவர பர்கர்கள் பலவற்றில் உப்பும், உறைகொழுப்பு நிறைந்த தேங்காய் எண்ணெயும் தாராளம். ஆனாலும், ஸ்டான்ஃபோர்டில் 36 பேரிடம் நடந்து 2020-ல் வெளிவந்த சோதனையில், எட்டு வாரம் தாவர இறைச்சி உண்ட காலத்தில் கெட்ட கொழுப்பு குறைந்திருந்தது. சோதனை சிறியது, பணம் கொடுத்தது பியாண்ட் மீட் என்பதையும் சேர்த்தே இதை எடைபோட வேண்டும். மீல்மேக்கர் விஷயத்தில் வேறொரு நேர்மை தேவை. 100 கிராமில் 52 கிராம் புரதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருப்பது காய்ந்த எடைக்கு. ஊறிய பிறகு எடை மூன்று மடங்காகிவிடும், புரதம் அதே விகிதத்தில் நீர்த்துவிடும். கறியில் இயல்பாக இருக்கும் வைட்டமின் பி12 அதில் கிடையாது. சமைத்த அளவுக்கு எவ்வளவு சத்து என்று உறையில் எழுத வைப்பதும், பி12 சேர்க்கச் சொல்வதும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தால் செய்யக்கூடிய காரியங்கள்.

நாமக்கல்லின் முட்டைப் பண்ணைகளும் பல்லடம் வட்டாரத்தின் கறிக்கோழிப் பண்ணைகளும் என்ன ஆகும் என்பது கடைசிக் கேள்வி. தேவை கூடிக்கொண்டிருக்கும் சந்தையில் ஒரு பகுதி வளர்ச்சி வேறு பக்கம் போவதால் பண்ணைகள் மூடப்பட்டுவிடாது. தரிசில் ஆடு மேய்த்துப் பிழைப்பவர் இந்தக் கணக்கிலேயே வரமாட்டார். மனிதர் உண்ண முடியாத புல்லைப் புரதமாக்கும் வேலை அது. உழவர்களுக்கு உண்மையான வாய்ப்பு வேறிடத்தில் இருக்கிறது. இந்தியச் சோயாவில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைகிறது. தமிழ்நாட்டு மானாவாரி நிலத்துக்குத் தெரிந்தவை மொச்சையும் தட்டைப்பயறும் உளுந்தும் நிலக்கடலையும். திருகு இயந்திரத்துக்குச் சோயாதான் வேண்டும் என்று கட்டாயமில்லை. நம் பயறுகளில் கடிபடும் உருண்டை செய்யும் ஆராய்ச்சிக்கு வேளாண் பல்கலைக்கழகமும் மாநில அரசும் பணம் ஒதுக்கினால், பயறு விளைவிப்பவருக்குப் புதிய சந்தை கிடைக்கும். வேரில் தழைச்சத்தை நிலைநிறுத்தும் பயிரால் நிலமும் தேறும்.

ஆகவே, செய்ய வேண்டியவை தெளிவாகவே இருக்கின்றன. குளிர்பெட்டியில் விலை உயர்ந்த நகல் பர்கரை அடுக்கிவைத்து, வாங்காதவரைப் பிற்போக்கானவர் என்று திட்டுவதை நிறுத்த வேண்டும். அரசு ஊழியர் உணவகம், கல்லூரி விடுதி, தொழிற்சாலை கேன்டீன், ரயில்வே சாப்பாடு ஆகிய இடங்களில் கறிக்குப் பக்கத்தில், கறியைவிடக் குறைந்த விலையில், கறிக்குச் சமமான கைப்பக்குவத்தோடு பயறோ சோயாவோ காளானோ சேர்ந்த ஒரு குழம்பு தினமும் இருக்க வேண்டும். அதைச் சமைப்பவருக்குப் பயிற்சியும் நல்ல மசாலாவுக்கு ஒதுக்கீடும் வேண்டும். எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்கினார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடலாம். இதற்கு வானளாவிய முதலீடு தேவையில்லை. கேட்டு வாங்குவோர் எண்ணிக்கை கூடினால் கொள்முதல் கூடும், கொள்முதல் கூடினால் விலை இறங்கும், விலை இறங்கினால் அதே பண்டம் வீட்டுக்கும் வரும். நிறைய பணத்தைப் போட்டு மேற்கு எடுத்த சுற்றுவழியைத் தவிர்த்து, நேர்வழியில் போகும் வாய்ப்பு நமக்கு இருக்கிறது. அதற்கான சமையல் நம்மிடம் ஏற்கனவே இருப்பதால்.